தோரின் தூண்டிலில் உலகப் பாம்பு: ஒரு நார்ஸ் புராணக் காட்சியை வரையும் முறை

பழைய ஸ்காண்டிநேவிய மக்களின் நார்ஸ் புராணத்தை முதன்முதலாக வரையப் போகிறவர்கள், உலக முடிவில் நடக்கும் ரக்னரோக் பெரும்போரில் கைவைக்காமல் இருப்பது நல்லது. அங்கே ஓநாய், தீ அரக்கர், கப்பல், உடைந்த வானவில் பாலம் என்று ஒரே தாளில் அடங்காத கூட்டம். இடித் தெய்வமான தோர் மீன்பிடிக்கப் போன கதை அப்படியல்ல. ஆட்கள் இரண்டு பேர், ஒரு படகு, ஒரு கயிறு, ஒரு பாம்பு, அவ்வளவுதான். வைக்கிங் காலச் சிற்பிகளே இதைப் பலமுறை கல்லில் செதுக்கியிருப்பதால், பார்த்துக் கற்றுக்கொள்ள முன்மாதிரிகளும் கிடைக்கின்றன.

இந்த வழிகாட்டி ஏ3 தாளில் இங்க், வாட்டர்கலர் கொண்டு வரைவதற்கானது. டிஜிட்டலில் வரைபவர்களுக்குத் தாள், பெயின்ட் பற்றிய பகுதிகள் தேவைப்படாது. அளவுகளும் வரிசையும் அவர்களுக்கும் பொருந்தும்.

கதையில் எந்தக் கணம்?

ஐஸ்லாந்தின் ஸ்னோரி ஸ்டுர்லுசன் 1220 வாக்கில் தொகுத்த ‘உரைநடை எட்டா’ என்னும் புராணத் தொகுப்பில் கதை இப்படிப் போகிறது. இளைஞன் உருவில் தோர், ஹிமிர் என்னும் அரக்கனின் வீட்டுக்கு வருகிறான். விடியற்காலையில் மீன்பிடிக்கக் கிளம்பும் ஹிமிர், இரையை நீயே தேடிக்கொள் என்கிறான். மந்தையிலேயே பெரிய காளையின் தலையைப் பிய்த்து எடுத்துக்கொண்டு தோர் படகேறுகிறான். ஹிமிர் வழக்கமாகத் தட்டைமீன் பிடிக்கும் இடத்தையும் தாண்டி வெகுதூரம் துடுப்புப் போடுகிறார்கள். உலகத்தைச் சுற்றி வளைத்துக் கிடக்கும் மிட்கார்ட் பாம்பு காளைத் தலையைக் கவ்வுகிறது. தூண்டில் முள் அதன் மேலண்ணத்தில் குத்துகிறது. அது வெட்டி இழுத்த வேகத்தில் தோரின் இரண்டு முஷ்டிகளும் படகு விளிம்பில் மோதுகின்றன. அவன் தெய்வ பலம் முழுவதையும் திரட்டிக் கால்களை ஊன்ற, பாதங்கள் படகின் அடியைப் பிளந்துகொண்டு கடல் தரையில் நிற்கின்றன. பாம்பை விளிம்புவரை இழுத்துவிடுகிறான். இவன் முறைக்கிறான், அது கீழிருந்து நஞ்சைக் கக்கியபடி முறைக்கிறது. தோர் சுத்தியலை ஓங்கும்போது, பயத்தில் முகம் வெளுத்த ஹிமிர் இரை நறுக்கும் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்துவிடுகிறான். பாம்பு மூழ்கிவிடுகிறது.

வரைய வேண்டியது அறுபடுவதற்கு முந்தைய நொடியை. சுத்தியல் மேலே, கத்தி கயிற்றின்மேல், பாம்பின் வாய் திறந்தபடி. கயிறு அறுந்த பிறகு வரைந்தால் படத்தில் இழுவிசையே இருக்காது. சுத்தியல் பாம்பின் தலையில் இறங்குவதாக வரைவதும் உண்டு. ஹிமிரைப் பற்றிய எட்டாப் பாடல் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் ஸ்னோரி, பாம்பு இன்னும் உயிரோடு கடலில் கிடக்கிறது என்கிறார். ரக்னரோக்கில் அதைக் கொன்று, அதன் நஞ்சால் ஒன்பது அடி நடந்து தோர் சாகவேண்டியிருக்கிறதே. எந்த வடிவத்தை எடுத்தாலும் ஒன்றையே கடைப்பிடியுங்கள். இங்கே ஸ்னோரியின் வடிவத்தையே பின்பற்றுகிறோம்.

பார்க்க வேண்டிய கற்கள்

பென்சிலைத் தொடுவதற்கு முன் நான்கு கற்களின் புகைப்படங்களைத் தேடிப் பாருங்கள். சுவீடனின் உப்லாண்ட் பகுதியில் உள்ள ஆல்டுனா கல், 11ஆம் நூற்றாண்டு. டென்மார்க்கின் ஹோர்டும் தேவாலயக் கல். இங்கிலாந்தின் கம்ப்ரியாவில் கோஸ்ஃபோர்த் தேவாலயத்தில் உள்ள மீன்பிடிக் கல். கோட்லாண்ட் தீவின் ஆர்ட்ரே சித்திரக்கல்.

இவற்றில் ஆல்டுனா கல்லிடம்தான் கற்க நிறைய இருக்கிறது. கல்லின் பக்கவாட்டு ஒடுக்கமானது. எனவே சிற்பி எல்லாவற்றையும் மேலிருந்து கீழாக அடுக்கிவிட்டார்: மேலே சுத்தியலோடு தோர், நடுவே படகு, அதன் அடியைத் துளைத்து இறங்கிய பாதம், கீழே பாம்பு. ஹிமிருக்கு இடமில்லை, விட்டுவிட்டார். காளைத் தலை தெளிவாகத் தெரிய வேண்டுமானால் கோஸ்ஃபோர்த்தைப் பாருங்கள். பிற்கால ஓவியங்களில் ஹென்றி ஃபுசேலி 1790இல் வரைந்தது புகழ்பெற்றது. அதில் தோர் ஆடையில்லாத கிரேக்க வீரனைப் போல நிற்கிறான். உடற்கூறு பயில அது உதவும், உடை பயில உதவாது.

தேவையான பொருட்கள்

300 ஜிஎஸ்எம் கோல்ட் பிரஸ் வாட்டர்கலர் தாள், ஏ3 (297 × 420 மி.மீ.). அதைவிட மெல்லிய தாள் கடலுக்கு இடும் வாஷுக்கு (நீர்த்த வண்ணப் பூச்சுக்கு) அலையலையாகக் கிளம்பிவிடும். எச்பி, 2பி பென்சில்கள், நீடட் ரப்பர் (மாவுபோலப் பிசையக்கூடிய அழிப்பான்). தண்ணீரில் கரையாத பிக்மென்ட் பேனாக்கள் 0.1, 0.3, 0.8. சாதாரண ஜெல் பேனா வேண்டாம், முதல் வாஷிலேயே கரைந்து தோரின் முகம் முழுக்கப் பரவும். 12ஆம் எண், 6ஆம் எண் வட்ட பிரஷ்கள், நுணுக்கத்துக்கு 2ஆம் எண். 25 மி.மீ. மாஸ்கிங் டேப், ஒரு பலகை, சிறு புட்டி மாஸ்கிங் ஃப்ளூயிட் (வண்ணம் படாமல் மறைத்துப் பின் உரித்தெடுக்கும் திரவம்).

நிறத்துக்கு நான்கே டியூப்: அல்ட்ராமரின் ப்ளூ, பேய்ன்ஸ் கிரே, யெல்லோ ஆக்கர், பர்ன்ட் சியன்னா. 24 வண்ணப் பெட்டி இருந்தாலும் மற்றதை மூடி வையுங்கள். வடகடலின் விடியற்காலையில் பளிச்சென்ற நிறங்களுக்கு வேலையில்லை.

முதலில் சிறு படங்கள்

5 × 7 செ.மீ. கட்டங்கள் ஆறு போட்டு, ஒவ்வொன்றிலும் வெள்ளை, சாம்பல், கருப்பு என்று மூன்றே தொனியில் காட்சியை அமைத்துப் பாருங்கள். ஒரு கட்டத்துக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முகமோ விரலோ வேண்டாம், திட்டுகள் மட்டும். ஆறில் இரண்டையாவது தண்ணீருக்கு மேலும் கீழும் ஒருசேரத் தெரியும் வெட்டுத் தோற்றமாகப் போடுங்கள். காரணம் எளிது: படகைத் துளைத்த பாதங்களைத் தண்ணீருக்கு மேலிருந்து காட்ட வழியே இல்லை. அதை விட்டுவிட்டால் இது யாரோ ஒருவர் மீன்பிடிக்கும் படமாகிவிடும்.

பெரிய தாளில் அமைப்பு

தாளை நெடுக்குவாக்கில் வையுங்கள். சுற்றிலும் 15 மி.மீ. ஓரம். இனி வரும் அளவுகள் எல்லாம் தாளின் மேல் விளிம்பிலிருந்தும் இடது விளிம்பிலிருந்தும்.

மேலிருந்து 190 மி.மீ.இல் மெல்லிய கோடு: இதுதான் வெட்டப்பட்ட நீர்மட்டம். 160 மி.மீ.இல் தொலைவான அடிவானம். படகின் பின்முனை, அதாவது அமரம், இடமிருந்து 45 மி.மீ.இல், முன்முனையான அணியம் 235 மி.மீ.இல். ஸ்னோரியின்படி தோர் பின்பக்கமும் ஹிமிர் அணியத்திலும் உட்கார்ந்து துடுப்புப் போட்டார்கள். ஆகவே தோர் இடப்புறம், ஹிமிர் வலப்புறம்.

இப்போது படத்தின் முதுகெலும்பான கயிறு. தோரின் இடது முஷ்டி (இடமிருந்து 145, மேலிருந்து 155) தொடங்கி, படகு விளிம்பு (185, 172) வழியாக, பாம்பின் வாய் (205, 200) வரை. ஸ்கேல் வைத்தே போடுங்கள். இறுகிய கயிறு தொய்யாது. ஆனால் விளிம்பில் அழுந்தும் இடத்தில் சற்றே முறிந்து திசை மாறும், அதனால் அது இரண்டு நேர்கோடுகள். கையால் இழுத்த வளைகோடாக விட்டால், தோர் எவ்வளவு தசை முறுக்கினாலும் பாரமே தெரியாது. ஹிமிரின் கத்தி விழ வேண்டிய இடம் அந்த முறிவுப் புள்ளி.

தோரின் கண்ணிலிருந்து பாம்பின் கண்ணுக்கு இன்னொரு மெல்லிய கோடு போடுங்கள். இது வழிகாட்டிக் கோடு மட்டுமே, பிறகு அழிந்துவிடும். இந்தக் கோட்டின்மேல் துடுப்போ, தாடியோ, ஹிமிரின் தோளோ குறுக்கே வரக்கூடாது. கதையின் உச்சமே அந்த முறைப்புதான்.

படகு

கோக்ஸ்டாட் கப்பல் 1880இல் நார்வேயில் தோண்டி எடுக்கப்பட்டபோது, அதோடு சிறு படகுகளும் கிடைத்தன. அவற்றில் சிறியது சுமார் 6.5 மீட்டர், நான்கு துடுப்புகள். நம் காட்சிக்கு அளவெடுத்தது போன்ற படகு. முன்னும் பின்னும் ஒரே மாதிரி கூர்மையாக எழும். பக்கப் பலகைகள் ஓட்டுக்கூரை போல ஒன்றன்மேல் ஒன்று ஏறி, இரும்பு ஆணிகளால் பிணைக்கப்பட்டவை. பக்கத்துக்கு மூன்று அகலப் பலகைகள் போட்டால் போதும். புதியவர்கள் எட்டு, பத்துப் பலகைகள் போட்டு இதைக் கப்பலாக்கிவிடுகிறார்கள்.

டிராகன் தலை வேண்டாம், பாய்மரம் வேண்டாம், விளிம்பில் கேடயங்கள் வேண்டவே வேண்டாம். இது மீன்பிடிப் படகு.

பலகைக் கோடுகள் நடுவில் விரிந்து, இரு முனைகளிலும் நெருங்கிச் சேர வேண்டும். சம இடைவெளியில் இணையாகப் போட்டால் படகு தொட்டியாகத் தெரியும். சாய்வையும் கவனியுங்கள். தோரின் எடை இப்போது படகில் இல்லை, அவன் கடல் தரையில் நிற்கிறான். கயிறு விளிம்பை அழுத்துகிறது, ஹிமிர் அணியத்தில் குனிந்திருக்கிறான். எனவே அணியம் தாழ்ந்து அமரம் எழும். 6 பாகைச் சாய்வு போதும். உடைந்த அடிப்பலகைகளின் சில்லுகள் கீழ்நோக்கி நீட்டியிருக்கட்டும், உடைத்த கால் போனது கீழேதானே.

தோர்

தலை உயரம் 26 மி.மீ., நின்றால் ஏழரைத் தலை உயரம். பின்னோக்கிச் சாய்ந்து முழங்கால் மடங்கியிருப்பதால் உச்சி மேலிருந்து 75 மி.மீ.இலும் பாதம் 250 மி.மீ.இலும் வரும். முழங்காலுக்குக் கீழ்ப்பகுதி மட்டும் படகுக்கு அடியில் தெரியும். பாதம் ஊன்ற, இடது கீழ்ப்பக்கத்தில் 250 மி.மீ. அளவில் ஒரு பாறைத் திட்டு வைத்து, அது வலப்புறம் சரிந்து ஆழத்தில் மறையட்டும். கால் எட்டும் ஆழமும், பாம்பு கிடக்கும் பாதாளமும் ஒரே படத்தில் பொருந்த இதுதான் வழி.

அடிக்கடி நேரும் பிழை, தலையைப் பாதத்துக்கு நேர்மேலே வைப்பது. அப்படி நின்றால் பாம்பு இழுத்த இழுப்பில் ஆள் கடலில் விழுந்திருப்பான். தலை, பாதத்திலிருந்து சுமார் 40 மி.மீ. இடப்புறம் இருக்கட்டும். கயிற்றை இடது முன்கையில் ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள். ஒரு கை சுத்தியலுக்குப் போனபின் மறு கை தனியாகத் தாங்குவது அப்போதுதான் நம்பும்படி இருக்கும்.

சுத்தியலான மியோல்னிரின் கைப்பிடி குட்டையானது. அதைச் செய்த குள்ளனைத் தொந்தரவு செய்ய, சூழ்ச்சிக்காரத் தெய்வமான லோகி ஈயாக மாறிக் கடித்ததால் வந்த குறை. முஷ்டிக்கு வெளியே ஒரு முஷ்டி நீளம் தெரிந்தால் சரி. தலைப்பகுதிக்கு வைக்கிங் காலச் சுத்தியல் தாயத்துகளைப் பாருங்கள். இரு பக்கமும் சமச்சீராக, விளிம்பு சற்றே சரிந்திருக்கும். கல் உடைக்கும் நீண்ட சம்மட்டியை வரைந்துவிடாதீர்கள்.

தலையில் எதுவும் வேண்டாம். கொம்பு வைத்த தலைக்கவசம் வைக்கிங் காலத்தது அல்ல. 1876இல் ஜெர்மனியின் பைராய்த்தில் இசையமைப்பாளர் வாக்னரின் இசைநாடகத்துக்குக் கார்ல் எமில் டோப்லர் வடிவமைத்த உடைகள் வழியாகத்தான் அது உலகெங்கும் பரவியது. நார்வேயில் யெர்முன்ட்பூவில் கிடைத்த 10ஆம் நூற்றாண்டுக் கவசத்தில் கொம்பே கிடையாது. தாடி சிவப்பு. உடை முழங்கால்வரை இறங்கும் கம்பளிச் சட்டை, இடுப்பில் கச்சை, காலில் சுற்றிய துணிப்பட்டை, தைத்த தோல் காலணி. தோர் வழக்கமாகப் போகும் ஆட்டுத் தேர் இந்தக் கதையில் அவனோடு வரவில்லை.

ஹிமிர்

தலை 22 மி.மீ. அரக்கன்தான், ஆனாலும் இந்த நொடியில் அவன் தோரைவிடச் சிறியவனாகத் தெரியவேண்டும். குனிந்த உடல், ஒரு கை அணியத்தைப் பிடித்தபடி, மறு கையில் குட்டைக் கத்தி. வாள் வேண்டாம், இரை நறுக்கும் கத்தி அது. பார்வை கயிற்றில் இல்லை, பாம்பில். தடுமாறித் தேடி எடுத்த கத்தி என்பதை அது சொல்லிவிடும்.

பாம்பு

உலகையே சுற்றிவரும் பாம்பை முழுதாகக் காட்ட முயன்றால் அது சாரைப் பாம்பளவுக்குச் சுருங்கிவிடும். தலையும் இரண்டு வளையங்களும் போதும். மீதி உடல் தாளின் இருபுறமும் வெளியேறட்டும். தலை நீளம் 70 மி.மீ., அதாவது ஹிமிரின் தலையைப்போல மூன்று மடங்குக்கும் மேல். மேல்தாடை நீர்மட்டத்துக்கு மேலே, கீழ்த்தாடை தண்ணீருக்குள். தூண்டில் முள் மேலண்ணத்தில். வாயோரத்தில் காளைத் தலையின் ஒரு கொம்பு வெளியே நீட்டியிருக்கட்டும். காளை முகம் முழுவதும் தெரிந்தால் பாம்புக்கு இரண்டு முகம் போல ஆகிவிடும்.

உடலை வரைய முதலில் நடுக்கோடு மட்டும் போடுங்கள். அதன்மேல் 20 மி.மீ.க்கு ஒரு நீள்வட்டம் போட்டு, பிறகு வெளிக்கோட்டால் இணையுங்கள். வளையம் பின்னே மறைந்து மீண்டும் வெளிவரும் இடத்தில், மறைந்த பகுதியையும் லேசாகப் போட்டுப் பார்த்துப் பின் அழியுங்கள். இதைச் செய்யாவிட்டால் உள்ளே போன உடலும் வெளியே வந்த உடலும் பொருந்தாது. பருமன் 38 மி.மீ.இல் தொடங்கி, ஆழத்துக்குப் போகப்போக மெல்லக் குறையட்டும்.

செதில்களை முழு உடலுக்கும் போட வேண்டாம். ஒளி முடிந்து நிழல் தொடங்கும் பட்டையில் மட்டும் போட்டால், மீதியைக் கண்ணே நிரப்பிக்கொள்ளும். எல்லா இடத்திலும் போட்டால் உடல் தட்டையாகிவிடும், நேரமும் வீண். கால், இறக்கை, கொம்பு எதுவும் கிடையாது. தலைக்கு இரண்டு வழிகள் உண்டு. விலாங்கின் தடித்த தாடையை முன்மாதிரியாகக் கொள்ளலாம். அல்லது நார்வேயின் ஊர்னெஸ் மரத் தேவாலயச் செதுக்கல்களில் உள்ளதுபோல் நீண்ட மெல்லிய தலையும் பாதாம் வடிவக் கண்ணும் வைக்கலாம். இரண்டாவதை எடுத்தால் அலை, தாடி, மேகம் எல்லாம் அதே வளைவுப் பாணியில் வரவேண்டும். பாம்பு மட்டும் செதுக்குச் சிற்பமாகவும் மற்றவை புகைப்படம் போலவும் இருந்தால் ஒட்டாது. முதல் முயற்சிக்கு விலாங்கே மேல்.

இங்க்

0.8 பேனா தோரின் வெளிக்கோட்டுக்கும் பாம்பின் தலைக்கும் மட்டும். படகு, ஹிமிர், கயிறு ஆகியவற்றுக்கு 0.3. அடிவானம், தொலைவு அலை 0.1. நீர்மட்டத்துக்குக் கீழே பேனாவே வேண்டாம். தோரின் கணுக்கால், பாம்பின் வளையம், பாறை எல்லாம் பென்சில் கோடாகவே இருந்து வாஷுக்குள் அமிழட்டும். கீழேயும் கருங்கோடு போட்டால் தண்ணீர் இருப்பதே தெரியாது. இந்தப் படத்தில் அதிகம் பேர் தவறுவது இங்கேதான்.

இங்க் காய அரை மணி நேரம் விடுங்கள். பிறகு நீடட் ரப்பரை அழுத்தி ஒற்றியெடுங்கள், தேய்த்தால் தாளின் மேற்பரப்பு பிய்ந்து வாஷில் கறையாகத் தெரியும்.

வண்ணம்

தாளின் நான்கு ஓரத்தையும் டேப்பால் பலகையில் ஒட்டுங்கள். நஞ்சுத் துளிகள், அலைத் தெறிப்பு, கயிறு, பாம்பின் கண் இவற்றுக்கு மாஸ்கிங் ஃப்ளூயிட் வையுங்கள். பழைய பிரஷ்ஷைச் சோப்புக் கரைசலில் தோய்த்துவிட்டுப் பயன்படுத்தினால் முடிகள் ஒட்டிக்கொண்டு பாழாகாது. ஃப்ளூயிட்டை ஓரிரு நாளுக்கு மேல் தாளில் விடாதீர்கள், உரிக்கும்போது தாளும் கூட வரும்.

வானம் முதலில். தாளை ஈரமாக்கி, அடிவானத்தருகே நீர்த்த யெல்லோ ஆக்கர், மேலே போகப்போக அல்ட்ராமரினோடு துளி பர்ன்ட் சியன்னா கலந்த சாம்பல். மூலத்தில் புயல் எதுவும் இல்லை. மின்னல் போட ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள்.

கடலுக்கு அல்ட்ராமரின் மூன்று பங்கு, யெல்லோ ஆக்கர் ஒரு பங்கு, பர்ன்ட் சியன்னா அரைப் பங்கு. நடுவில் தீர்ந்தால் அதே நிறம் மறுபடி வராது, ஆகவே கால் டம்ளர் அளவு ஒரேயடியாகக் கலந்துவையுங்கள். நீர்மட்டத்தில் தொடங்கி 12ஆம் எண் பிரஷ்ஷால் இடமிருந்து வலமாக, கீழே போகப்போகப் பேய்ன்ஸ் கிரே சேர்த்து அடர்த்தியைக் கூட்டுங்கள். பலகையை 15 பாகை சாய்த்து வைத்தால் வாஷ் தானே இறங்கும். மின்விசிறியை அணைத்துவிடுங்கள், கோடைக்காலத்தில் வாஷின் ஓரம் நிமிடத்தில் காய்ந்து கோடு விழும். வாட்டர்கலர் காய்ந்ததும் வெளிறும், எனவே ஈரத்தில் சற்று அதிகமாகத் தோன்றும் அடர்த்தியே சரி. முதல் பூச்சு முழுக்கக் காய்ந்தபின், கீழ் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் இரண்டாம் பூச்சு. பாம்பின் கீழ் வளையம் இதில் பாதி தொலைந்துபோகும், போகட்டும்.

பாம்புக்குப் பேய்ன்ஸ் கிரேயும் ஆக்கரும் கலந்த மங்கிய பச்சை. ஹிமிரின் முகத்துக்குத் தாளின் வெள்ளையோடு நிழலில் மிக நீர்த்த அல்ட்ராமரின் மட்டும். அவன் வெளுத்துப்போனான் என்று கதையே சொல்கிறது. பர்ன்ட் சியன்னாவை நீர்க்காமல் போடும் இடம் படம் முழுக்க ஒன்றுதான், தோரின் தாடி. அவன் சட்டையைச் சிவப்பாக்கினால் தாடி அதில் கரைந்துவிடும். சாயமிடாத கம்பளியின் சாம்பலே சட்டைக்குப் போதும். படகுக்கு ஆக்கரும் சியன்னாவும் நீர்த்த கலவை, பலகை மேலேறும் இடங்களில் மட்டும் மெல்லிய நிழல்.

கடைசியில் ஃப்ளூயிட்டை விரலால் உரித்து, நஞ்சுத் துளிகளுக்கு மிக நீர்த்த ஆக்கர் தொட்டு விடுங்கள். தெறிப்பை வெள்ளையாகவே விடலாம். டேப்பைத் தாள் முழுக்கக் காய்ந்தபின், படத்துக்கு வெளிப்பக்கமாகச் சாய்த்து மெதுவாக இழுங்கள்.

ஓரச் சட்டம், ரூன் எழுத்துகள்

பின்னல் ஓரம் வேண்டுமென்றால் 11ஆம் நூற்றாண்டு ரூன் (பழைய ஸ்காண்டிநேவிய எழுத்து) கற்களில் உள்ளதுபோல ஒரு பாம்புப் பட்டைக்குள் எழுத்து ஓடட்டும். வைக்கிங் காலத்துக்குரியது 16 எழுத்துகள் கொண்ட இளைய ஃபுதார்க் என்னும் ரூன் வரிசை. இணையத்தில் அதிகம் கிடைக்கும் 24 எழுத்து வரிசை அதற்கு முந்தைய காலத்தது. எட்டு முனைகள் கொண்ட வழிகாட்டிச் சக்கரமான வெக்விசிர் 1860இல் எழுதப்பட்ட ஐஸ்லாந்துக் கையெழுத்துப் படி ஒன்றில் வருவது, வைக்கிங் காலச் சின்னம் அல்ல. கருஞ்சூரியன் எனப்படும் சின்னம் ஜெர்மனியின் வெவெல்ஸ்பர்க் கோட்டையில் நாஜி எஸ்.எஸ். படை அமைத்த தரை அலங்காரத்திலிருந்து வந்தது. நார்ஸ் அலங்காரம் என்று பலர் அறியாமல் எடுத்துப் போடுகிறார்கள், அதைத் தொடவே வேண்டாம்.

ஸ்கேன் செய்வதாக இருந்தால் 600 டிபிஐ. வீட்டு ஸ்கேனர்கள் பெரும்பாலும் ஏ4 அளவே. எனவே ஓரத்தை விட்டுப் படத்தை மட்டும் இரண்டு பகுதிகளாக, நடுவில் சுமார் 3 செ.மீ. மேற்படியும்படி எடுத்து இணையுங்கள். இணைப்பு கடல் வாஷில் விழுந்தால் தெரியும், நீர்மட்டத்தை ஒட்டிய அலைக் கோடுகளில் விழுந்தால் மறைந்துவிடும்.